கோப்பு வந்தது, எழுத்து வந்ததா?

இல்லந்தோறும் கணிப்பொறி நுழைந்துவிட்ட காலம் இது. தச்சநல்லூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்னறையில் தந்தையார் இருபதாண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணிப்பொறி. மாடியில் மகளின் மடிக்கணினி. தந்தையார் பணி நிறைவுற்ற தமிழாசிரியர். பொருநைக் கரை ஊர்களைப் பற்றி அவர் தட்டச்சிட்டு வைத்த கட்டுரைகள் பழைய பொறியில் உறங்குகின்றன. அவற்றை மடிக்கணினிக்கு மாற்றுவது எங்ஙனம்?

வழி எளிதே. இணைய இணைப்புத் தரும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியோடு இரு பொறிகளையும் இணைத்தால், அஃது ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்முகவரி வழங்கும். ஒன்றில் ஒரு கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்துவைத்தால் மற்றது அதனைக் காணும். ஒன்று விண்டோஸ், மற்றது லினக்ஸ் எனினும் தடையில்லை. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா என்னும் நிரல் இரண்டிற்குமிடையே துபாஷியாக நிற்கிறது. மிகப் பழைய விண்டோஸின் பகிர்வு நெறியைப் புதியது இயல்பாக ஏற்பதில்லை; அப்போது பென்டிரைவே துணை. பொறிவிட்டுப் பொறிக்குக் கோப்பனுப்பும் எஃப்.டி.பி. நெறியை 1971இல் முதன்முதல் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

சிக்கல் இனித்தான். வந்த கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் நிறைந்து கிடக்கும். வழியில் கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடுவோர் உளர். அந்தோ! ஓர் எண்கூடக் கெடவில்லை. கோப்பில் இருப்பவை எண்களே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தந்தது பழைய பொறியிலிருந்த எழுத்துரு. அந்நாளைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழைக் குடியேற்றின. அதுவும் நிறுவனத்திற்கு ஒரு முறையாக. இக்குழப்பம் தீரவே 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆயினும் அதற்கு முன் தட்டச்சிட்டவை தாமாக மாறிவிடா.

மாற்றும் நிரல்கள் உள்ளன. அவை செய்யும் பணி நுட்பமானது. 'பொ' என்பதைப் பழைய கோப்பு ஒற்றைக்கொம்பு, பகரம், துணைக்கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். யூனிகோடோ பகரத்தை முன்வைத்து, அதன்பின் ஒகரக் குறியை ஒன்றாகவே வைக்கும். நிரல் இவ்வரிசையில் இடறினால் 'பொருநை' உருக்குலையும். யூனிகோடிலும் அவ்வொகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து எழுத இயலும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே; தேடும்போது சில நிரல்களுக்கு வேறு. மாக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பு, அதே பெயருடைய இரட்டைப்பிள்ளையோடு அருகருகே நிற்பதுண்டு.

ஆதலின் பழைய பொறி இயங்கும்போதே எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவ்வெழுத்துருக் கோப்பையும் கட்டுரைகளோடு சேர்த்தே அனுப்புக. மூலக்கோப்பை அழிக்காது, படியொன்றையே மாற்றுக. மாற்றிய பக்கங்களைத் தந்தையாரே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஊர்ப்பெயர் பிழைத்திருப்பின் அவர்க்கே முதலில் தெரியும்.