குத்தகைக் காரைத் திருப்பித் தரும்போது

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டம் வழங்கி வந்தது. குத்தகைக்கு எடுத்த வீட்டின் நிலையைத் தொடக்கத்தில் எழுதி வைக்காதவர், அதனை நல்ல நிலையிலேயே பெற்றார் என்று அதன் 1731ஆம் விதி கருதும். மாறாக மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. எழுதி வைத்திருப்பின், பழமையால் நேர்ந்த பழுதுக்கு அவர் பொறுப்பாகார் என்பது 1730ஆம் விதி.

சங்கப் பணிக்குக் கார் குத்தகைக்கு எடுப்போருக்கும் இது நல்லதொரு பாடமாகும். வண்டியைப் பெறும்போதும் திருப்பித் தரும்போதும், கீறல், டயர்களின் நிலை, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து இருதரப்பினரும் கையொப்பமிடுதல் வேண்டும். இறுதிக் கணக்கில் சேதம், உபரி ஓட்டம், போக்குவரத்து அபராதம், பாக்கி வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டக் கேளுங்கள். வழக்கமான தேய்மானம் சேதமாகாது.

தவணைக்கு முன்னரே ஒப்பந்தத்தை மீறி விலகினால், அதிற்கண்ட அபராதம் முழுவதையும் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, நியாயமான இழப்பீடே உரியது. குறித்த தொகை அதற்கு உச்சவரம்பாகும். முன்பணம் திரும்பியதும் பாக்கியில்லை என்னும் சான்றினை எழுத்தில் பெறுக.

தறியிலும் வயலிலும் விளைந்த பணம் இது, கணக்கின்றிப் போகலாகாது.