தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வும் மும்பைத் தமிழரும்: சான்றிதழ் எதற்குச் சான்று?

மொழித்தேர்வுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உயர்நிலைத் தேர்வுகளையே பொருளாகக் கொள்கின்றன. தொடக்கநிலைத் தேர்வு எளிது. ஆதலால் அதில் ஆராய்வதற்குச் சிக்கலும் இல்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை இதற்கு மாறானது. உயர்நிலையில் தேர்வர் பக்கக்கணக்கில் எழுதுகிறார். அவர்தம் ஆங்கிலம் தானே தன்னைக் காட்டிக்கொள்ளும். தொடக்கநிலையிலோ தேர்வாளருக்குக் கிடைப்பது ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. அச்சொல் கற்ற ஆங்கிலமா, தாய்மொழியில் முன்னரே வழங்கும் கடன்சொல்லா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவை மும்பைத் தமிழர் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

மும்பைத் தமிழர் என்று ஒருமையிற் சுட்டுவது பொருந்தாது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டோரின் வழியினர் தாராவியில் மிகுதி. மாட்டுங்காவில் குடியேறியோருள் எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் பலர். அங்குத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது. செம்பூரில் நடுத்தரக் குடும்பங்கள் ஒருபுறம். 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப், சற்றுத் தள்ளித் திராம்பேயில், மறுபுறம். ஆங்கிலச் சான்றிதழ் இம்மக்களுக்குப் புதியதன்று. தட்டச்சுத் தேர்வும் சுருக்கெழுத்துத் தேர்வும் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டன. ஆனால் அவை நிமிடத்திற்கு இத்தனை சொல் என்று கையின் வேகத்தை அளந்தன. ஆங்கிலத்தில் ஒருவர் என்ன செய்ய வல்லார் என்பதை அளக்கவில்லை. அளப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த நேர்மையை இங்குக் குறித்து வைக்கலாம்.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளை நடத்துகிறது. மகாராட்டிர அரசு 2000-ஆம் ஆண்டில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் பாடமாக்கியது. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கியது. ஆகவே தாராவியில் தமிழ்வழியிற் பயிலும் ஒரு குழந்தை தொடக்கக் கல்வி முடியுமுன் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கையும் கையாள வேண்டியுள்ளது. இக்குழந்தையின் ஆங்கிலத்தை அளக்க வரும் கருவிகள் வேறு நாட்டில், வேறு குழந்தைகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை.

அக்கருவிகளின் வரலாறு மேலிருந்து கீழிறங்கிய வரலாறு. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் தன் முதல் ஆங்கிலத் தேர்வை 1913-இல் உயர்நிலைக்கே நடத்தியது. எழுதியவர் மூவர், மூவரும் தேறவில்லை. அத்தேர்வில் மொழிபெயர்ப்பும் ஒரு தாள் என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. பின்னாளில் அது நீக்கப்பட்டது. அடுத்த நிலைத் தேர்வு 1939-இலும், அடிப்படைநிலைத் தேர்வு 1994-இலும், சிறுவர்க்கான தேர்வுகள் 1997-இலும் வந்தன. தொடக்கநிலையை வந்தடைய எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்தது. பின்னர் வந்த துணைநூல் ஏ1-க்கும் கீழே ஒரு படியை விரித்துரைத்தது. இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் பன்னிரு படிகள் கொண்ட பேச்சுத் தேர்வில் முதற்படி ஐந்து நிமிட உரையாடலே. பெயர், வயது, உடலுறுப்பு, விலங்கு, நிறம், உடை, வகுப்பறைப் பொருள், இருபது வரை எண் ஆகியவையே அதன் பரப்பு.

இப்பரப்பைத் தமிழ்க் காதுடன் கேட்டுப் பார்க்க வேண்டும். பென்சில், ரப்பர், பேக், பஸ், கலர், டிரெஸ், ஷூ, பைக் ஆகிய யாவும் ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத பாட்டியும் வழங்கும் சொற்கள். ‘பென்சில்’ என்று விடையளிக்கும் குழந்தை ஆங்கிலத்தில் விடையளித்ததாகத் தேர்வாளர் கொள்கிறார். குழந்தை தமிழில் விடையளித்திருக்கிறது. சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால், கற்றதை அன்று, தமிழ் கடன் வாங்கியதையே அளந்தவராவோம். இதனால் தேர்வருக்கு ஆதாயந்தானே எனலாம். முழுதும் அவ்வாறன்று. கடன்சொல் பொருள் மாறாமல் வருவதில்லை. தமிழில் ‘பைக்’ என்பது இயந்திர வண்டி. மிதிவண்டிக்குச் ‘சைக்கிள்’ உண்டு. கேம்பிரிட்ச் சிறுவர் தேர்வின் சொற்பட்டியலில் ‘பைக்’ மிதிவண்டியைக் குறிக்கும். ‘டிரெஸ்’ தமிழில் எல்லா உடைக்கும் பொது. ஆங்கிலத் தொடக்கநிலைப் படங்களில் அது பெண்கள் அணியும் ஒருவகை உடை. கால்சட்டையணிந்த சிறுவன் படத்தைக் காட்டி ‘டிரெஸ்’ என்னும் குழந்தை பிழை செய்ததாகிறது. தன் மொழியைச் செவ்வனே பேசியதற்காக மதிப்பெண் இழக்கிறது.

ஒலியிலும் இத்தகைய நிலை உண்டு. தமிழர்க்கு ஒலிப்புடை, ஒலிப்பிலா வெடிப்பொலிகளை வேறுபடுத்துவது கடினம் என்பது ஆங்கிலம் கற்பிப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. தமிழ் எழுத்து அவ்வேறுபாட்டைக் காட்டாமையே இதற்குக் காரணமாகக் கூறப்படும். தாராவிக் குழந்தைக்கு இது பொருந்தாது. அது தெருவில் இந்தி பேசுகிறது, பள்ளியில் தேவநாகரி எழுதுகிறது. பகர வேறுபாடு அதற்குப் பழகியது. சென்ற ஆண்டு தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞருக்கு அது பழகாதிருக்கலாம். தேர்வுப் படிவத்திலோ இருவரும் ‘தாய்மொழி: தமிழ்’ என்றே பதிகின்றனர். எஞ்சுவன வேறு. சொல்லிறுதி வல்லினத்தின்மேல் ஏறும் உகரம் இருவரிடமும் கேட்கும். ‘புக்’ ‘புக்கு’ ஆகிறது. மொழி முதல் இகர எகரங்களின் முன் ஒரு யகரச் சாயல் எழுவதால், காதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஆண்டைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகின்றன. உடலுறுப்பும் வயதும் முதற்படியின் பாடப்பொருள்களாதலால் இது ஏட்டளவிலான எடுத்துக்காட்டன்று. குற்றியலுகரம் அறிந்த தேர்வாளர் ‘புக்கு’ என்பதை உடனே உணர்ந்துகொள்வார். அறியாதவர் மீண்டும் கேட்பார். குழந்தை தன் விடை தவறென்று கருதி வேறு சொல்லைத் தேடும்.

உறவுமுறை இவற்றினும் நுட்பமானது. ‘உனக்கு எத்தனை சகோதரர்?’ என்பது தொடக்கநிலையின் வழக்கமான வினா. பெரியப்பா மகனும் சித்தி மகனும் தமிழில் அண்ணன் தம்பியரே. மாமன் மகனும் அத்தை மகனும் அல்லர். ஆங்கிலத்தில் இந்நால்வர்க்கும் ஒரே சொல். ‘ஐந்து’ என்று விடையளிக்கும் குழந்தை பொய் சொல்லவில்லை. வகுப்பறையில் இது சிறு செய்தி. குடிபெயர்வுக்கான நேர்காணலில் வாய்மொழி விடையும் படிவமும் முரண்பட்டால் அது சிறு செய்தியாக நில்லாது.

குடிபெயர்வைச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியா 2010 நவம்பர் முதல், வாழ்க்கைத்துணையாக வர விழைவோர் ஏ1 நிலையில் பேசுதல், கேட்டல் திறனைக் காட்ட வேண்டுமென விதித்தது. பள்ளித் தேர்வில் தவறினால் மறு ஆண்டு எழுதலாம். இங்குக் கணவனும் மனைவியும் பிரிந்திருக்கும் காலம் நீள்கிறது. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2015-இல் இவ்விதியை ரத்து செய்யவில்லை. ஆனால் தேர்வு எழுதும் வாய்ப்பே எட்டாதோர் திறத்தில் நடைமுறை நெறிகள் உரிமைக்கு முரணாகலாம் எனக் கூறியது. அதே ஆண்டில் அறிமுகமான ‘ஐ.இ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ்’ ஏ1 தேர்வில் இரு தேர்வர்கள் ஒருசேர அமர்ந்து, 20 நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில், தேர்வாளரோடும் தம்முள்ளும் பேச வேண்டும். முடிவு தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை, இடைநிலை இல்லை. செம்பூர்த் தமிழ்ப் பெண்ணொருவர் குசராத்தி பேசும் பெண்ணோடு இணைக்கப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் வினவ மற்றவர் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழரின் உகர இறுதி குசராத்தியருக்கு விளங்குமா என்பதும் அப்போது தேர்வின் ஒரு பகுதியாகிறது.

பொருளுணர்வைத் தனியே சோதிக்க வேறு வழியுண்டு. அது இந்தியாவிலேயே பயன்பட்டு வருகிறது. மும்பைச் சேரிகளில் 1995-இல் பணி தொடங்கிய பிரதம் அமைப்பு, 2005 முதல் ஊரகக் குழந்தைகளிடையே ‘அசர்’ கணக்கெடுப்பை நடத்துகிறது. ஆங்கிலம் சேர்க்கப்பட்ட ஆண்டுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய தொடர் எனப் படிப்படியாகச் சோதிப்பர். சொல்லையோ தொடரையோ படித்த குழந்தையிடம் அதன் பொருளைத் தன் மொழியிற் கேட்பர். ஐந்தாம் வகுப்பில் எளிய தொடரைப் படிக்க வல்லோர் 2022-இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இது சான்றிதழ் தருவதன்று. நகரக் குழந்தைகளைச் சேர்ப்பதுமன்று. எனினும் 1913-க்குப் பின் கைவிடப்பட்ட மொழிபெயர்ப்பு இங்கு எளிய உருவில் மீள்கிறது. ‘பைக்’ என்பதற்குக் குழந்தை தன் மொழியில் என்ன சொல்கிறதோ, அதிலிருந்து கடன்சொல்லும் கற்ற சொல்லும் பிரிந்துவிடும். ஆனால் சோதிப்பவர் குழந்தையின் மொழி அறிந்தவராதல் வேண்டும். பன்மொழி மும்பையில் இதுவே செலவு மிகுந்த பகுதி. அச்செலவு தகும் என்பது என் கருத்து.

இறுதியாகச் சான்றிதழ் வாசகம். பொதுச் சட்டகத்தின் ஏ1 விளக்கத்தில் ஒரு நிபந்தனை உள்ளது. எதிரே இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி உதவவும் முன்வந்தால்தான் இந்நிலையினர் எளிய முறையில் உரையாட இயலும் என்பது அதன் கருத்து. அதாவது ஏ1 என்பது ஒருவரின் திறன் மட்டுமன்று, இருவர் சேர்ந்து செய்யும் செயல். தமிழிலோ மராத்தியிலோ இதைச் சுருக்கிப் பெயர்ப்போர் ‘எளிய உரையாடல் நிகழ்த்த வல்லவர்’ என்று முடித்துவிடக்கூடும், நிபந்தனை உதிர்ந்துவிடும். அச்சான்றிதழைக் கண்டு வேலைக்கு எடுத்த கடை முதலாளி விரைந்து பேசுகிறார், பணியாள் திகைக்கிறார், ‘சான்றிதழ் பொய்’ என்கிறார் முதலாளி. ‘மெதுவாகப் பேசி உதவுவாரோடு எளிய உரையாடல் நிகழ்த்த வல்லவர்’ என்று எழுத மேலும் மூன்று சொற்களே வேண்டும்; ஒரு வரியில் அவற்றுக்கு இடம் உண்டு.