மருத்துவருக்கும் இடம் கொடுங்கள்

"செபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்வதுமில்லை. இது நம்பிக்கை அல்ல.

சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நோயாளியை மன்றாடச் சொல்கிறது. கூடவே மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. நோயைச் சரியாகக் கண்டறிய மருத்துவரும் மன்றாடுவார் என்கிறது. ஆக, இருவருமே ஆண்டவரை நம்பி நிற்பவர்கள்.

நேப்பிள்ஸ் நகர மருத்துவர் புனித ஜோசப் மொஸ்காத்தி ஏழைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. 1927, ஏப்ரல் 12 அன்று காலைத் திருப்பலி கண்டார், நோயாளிகளைப் பார்த்தார், பிற்பகலில் இறந்தார்.

நோயாளி மறைக்காமல் சொல்லட்டும். மருத்துவர் பொறுமையோடு கேட்கட்டும். மருந்தை விழுங்கும்போது, எழுதித்தந்தவருக்காகவும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்வோம்.