நோய்க்குப் பணம் யார் கட்டுவது?



நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டினால், 'மருத்துவச் செலவு' என்று எழுதாத பக்கம் குறைவு. ஆடு வாங்க எடுத்த கடனை அந்த ஆடே அடைத்துவிடும். ஆஸ்பத்திரிக்கு எடுத்த கடன் அப்படியா? கூலியும் போகும், வட்டியும் ஏறும். மற்ற நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவு செய்யும் நாடு அமெரிக்கா. நாட்டின் மொத்த வருமானம் 100 ரூபாய் என்றால், 17 ரூபாய்க்கு மேல் இதற்கே போகிறது. ஜப்பானில் சுமார் 11 ரூபாய்தான். ஆனாலும் ஜப்பான் மக்கள் அமெரிக்கர்களைவிடச் சராசரியாக 5 வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள். ஜப்பானில் 1961 முதல் எல்லோருக்கும் காப்பீடு உண்டு. சிகிச்சைக் கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கிறது. அமெரிக்காவிலோ சிகிச்சையின் விலை மிக அதிகம், 2023-ல் 2.5 கோடிப் பேருக்குக் காப்பீடே இல்லை.

பணக்கார நாடுகளால் மட்டும்தான் இது முடியுமா? தாய்லாந்தைப் பாருங்கள். அங்கே 2002-ல், ஒரு முறை சிகிச்சைக்கு 30 பாட் (அந்நாட்டுப் பணம்) கட்டினால் போதும் என்ற திட்டம் வந்தது. மீதியை வரிப்பணத்தில் அரசு கொடுத்தது. அதற்குமுன் மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கைக்காசாகக் கொடுத்தார்கள். இப்போது அது பத்தில் ஒரு பங்குதான்.

நம் இந்தியாவில்? 2013-14-ல் மருத்துவத்துக்கு ஆன ஒவ்வொரு 100 ரூபாயிலும் 64 ரூபாய் மக்களின் கைக்காசு. 2021-22-ல் அது 39 ஆகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது. நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசு சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-ல் செலவானது 1.84 சதவீதமே.

இதில் புரியாதது ஒன்றுமில்லை. நம் குழுச் சேமிப்பு மாதிரிதான். எல்லோரும் முன்கூட்டியே போட்டு வைத்தால், கஷ்டம் வந்தவருக்கு அது கைகொடுக்கும். நோய் வந்தபிறகு ஒருத்தி மட்டும் தனியாகச் சுமந்தால் குடும்பமே சாயும்.

நாம் செய்யக்கூடியவை:

* குழுவில் மருத்துவக் கடன் எத்தனை, எதற்காக என்று தனியாகக் குறித்து வையுங்கள்.
* காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குத்தான்.
* சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்குங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கிராம சபையில் கேளுங்கள்.

கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு, கணக்குக் கேட்கவும் தெரியும்.