கச்சான் காற்றும் முகக்கவசமும்

தென்மேற்குப் பருவக்காற்று, தான் சுமந்து வந்த நீரில் பெரும்பங்கை இலங்கையின் மத்திய மலைநாட்டு மேற்குச் சரிவுகளிலேயே மழையாகக் கொட்டிவிட்டு, மலைமுடியைக் கடந்து கிழக்கே இறங்குகையில், ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் உஷ்ணமடைந்து, மட்டக்களப்பு வாவியை எட்டும்போது ஈரம் வற்றிய அனற்காற்றாகிவிடுகிறது. வானிலை நூல்களிலும் நம்மவர் இட்ட பெயரோடே இடம்பெற்றுவிட்ட கச்சான் காற்று இதுதான். சிறுபோக வேளாண்மை நடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் நிற்பவர்களுக்குப் பிற்பகலில் கண் கரிப்பதும், மணல் விழுந்தாற்போல் உறுத்துவதும் புதிய அனுபவமல்ல. ஆனால் 2020ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றின் நிமித்தம் முகக்கவசம் நித்திய வழக்கமானபோது, இந்த வெளிக்காற்றோடு இன்னொரு காற்றும் கண்ணை நோக்கி வரலாயிற்று. அது அணிந்தவரின் சொந்தச் சுவாசம்.

கண்ணின் மேற்பரப்பைக் காக்கும் கண்ணீர்ப் படலம், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே தடிப்புள்ளது. கருவிழியைத் தொட்டாற்போல் வழவழப்பான சளியமும், அதனோடு கலந்து நீரும், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் அதில் அமைந்திருக்கின்றன. நீர் விரைந்து ஆவியாகாமல் தடுப்பது அந்த எண்ணெயே. அதைச் சுரப்பவை, மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் வரிசையாகப் பதிந்திருக்கும் நுண்ணிய சுரப்பிகள். 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் ஹைன்ரிக் மைபோம் பெயராலேயே இன்றும் இவை அழைக்கப்படுகின்றன. நாம் இமை கொட்டும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு எண்ணெய் பிதுங்கி, கண்முழுவதும் பரவுகிறது.

முகக்கவசத்தின் மேல்விளிம்பு மூக்குத்தண்டோடு ஒட்டாமல் இருந்தால், வெளிவிடும் மூச்சு அந்த இடைவெளியால் மேலெழுந்து கண்ணின்மீது வீசுகிறது. மூச்சு ஈரமுள்ளதாயிற்றே, அது எவ்வாறு கண்ணை உலர்த்தும் என்று வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்வியே. கண்ணுக்கு நேர் முன்னே, அதிலிருந்தே எழுந்த நீராவி கலந்த மெல்லிய காற்று அசைவற்று நிற்கும் வரையில் ஆவியாதல் மந்தமாகவே நடக்கும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை அடிக்கும் மூச்சோ, அந்தக் காற்றைக் கலைத்து, சுற்றியுள்ள உலர்ந்த காற்றையும் தன்னோடு இழுத்து வருகிறது. கச்சான் வீசும் நாளில் அவ்வாறு இழுபட்டு வரும் காற்று எத்தகையது என்பதை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீர் குறையக் குறையப் படலத்தில் உப்பு செறிகிறது, நரம்புகள் தூண்டப்படுகின்றன, உலர்ந்த கண்ணே நீரை வடிக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் இந்தக் கசிவைக் கண்ணாரக் காணலாம்: கண்ணாடியின் கீழ்ப்பாதி மங்கி வெளிறுமானால், அதே மூச்சுத்தான் இமையையும் தொடுகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கண் வைத்தியர் டாரல் வைட் 2020 ஜூனில் முகக்கவசத்தால் வரும் இந்தக் கண் உலர்வைத் தனியொரு நிலையாகக் குறித்தெழுதினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக் கண் ஆராய்ச்சி நிலையம் அதே ஆண்டு ஆகஸ்டில் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், கணினித் திரையை உற்று நோக்கி இமைக்க மறந்து வேலை செய்வோர் ஆகியோரையே இது பெரிதும் வருத்துகிறது.

இமையின் கதை சற்று வேறு. சுரப்பியின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே தேங்குவதால் உண்டாகும் வலியற்ற கட்டிகள் 2020இன் நடுமாதங்களில் அதிகரித்ததைச் சான் பிரான்சிஸ்கோ வட்டாரக் கண் வைத்தியர்கள் பதிவுசெய்தனர். வாயிலிருந்து வரும் கிருமிகள் காரணமா, உலர்ந்த இமையை ஓயாமல் கசக்குவது காரணமா என்பது தீர்ந்தபாடில்லை. இரண்டுமே சேர்ந்திருக்கக்கூடும் என்பதே என் அபிப்பிராயம்.

இதன் பொருட்டு முகக்கவசத்தை எறிந்துவிடுவது விவேகமாகாது. வார்டுகளில் பணிபுரியும் தாதியரும், ஆலையில் நெல்லுமித் தூசியினிடையே நிற்பவரும் அதனை விடவும் முடியாது. குற்றம் கவசத்தில் இல்லை, மேல்விளிம்பின் இடைவெளியில் உள்ளது. மேலோரத்துக் கம்பியை இரு விரல்களாலும் மூக்கின் வடிவுக்கு அழுத்திவிட்டு, புருவத்தருகே கையை வைத்து ஊதிப் பாருங்கள். கையில் காற்றுப் படுமானால் மறுபடியும் அழுத்த வேண்டும். மேல்விளிம்பின்மேல் பிளாஸ்டர் ஒட்டுபவர்கள் அது கீழிமையைக் கீழே இழுத்து, கண் முழுதாய் மூடுவதைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில், சுடாத வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால், உறைந்த எண்ணெய் இளகும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கண் சிவந்தவுடன் பாமசிக்குப் போய், முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த துளி மருந்தை வாங்கி விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவற்றுட் சிலவற்றில் ஸ்டெராய்ட் உண்டு. உடனே சுகம் தருவதுபோல் தோன்றினாலும், நாட்பட உபயோகித்தால் அது கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பையே சிதைக்கவல்லது. வலி கடுமையானாலும், வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும், கட்டி சில வாரங்களில் அடங்காவிட்டாலும், அன்றே கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.