பரணில் கிடந்த பணம்

2021-ம் வருஷப் பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு. எதிர்வீட்டு மதினி ஒரு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவோரம் போட்டார். உட்காரும் இடத்தில் ஒயர் எல்லாம் அறுந்து தொங்கியது.

“மதினி, இதைத் தூரப் போடவா போறீங்க?” என்று கேட்டேன்.

“ஆமா, பழைய இரும்புக்காரன் வந்தா நாப்பது ரூபா குடுப்பான். வேணும்னா நீயே எடுத்துக்கோ” என்றார்.

சும்மா வாங்க மனம் வரவில்லை. நாற்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன். சின்ன வயசில் ஒயர் கூடை பின்னக் கற்றிருந்தேன். அந்தக் கை மறக்கவில்லை. ஒயருக்கும் பெயிண்டுக்கும் உப்புத்தாளுக்கும் 310 ரூபாய் ஆயிற்று. நாலு நாள் மத்தியானத் தூக்கத்தை விட்டுப் பின்னி முடித்தேன். பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் 700 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். கையில் நின்றது 350 ரூபாய்!

அந்தப் பணத்தின் அருமை எனக்குத்தான் தெரியும். 2020 ஊரடங்குக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு மில்லில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். “அடுத்த வருஷம் காலேஜ் உண்டாம்மா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

எடைக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு விலை

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அது போய்த் தராசு வந்தது. காயலான் கடைக்காரர் எதையும் எடைக்குத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது இரும்பு, அவ்வளவுதான். அதே சாமானைத் துடைத்துச் சரிசெய்து, வேண்டியவர் கையில் கொடுத்தால் அது கட்டில், அது நாற்காலி. இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் நமக்குப் பிழைப்பு இருக்கிறது.

எங்கள் ஊர் இந்தத் தொழிலுக்கு ஏற்ற ஊர். 1936-ல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து இது மில் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். வேலைக்காக வெளியூரிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள் ஏராளம். ஒரு அறை எடுத்தால் ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு மேஜை வேண்டாமா? புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

சாமான் கிடைப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். அது என் பிறந்த ஊர். பஸ்ஸில் அரை மணி நேரம். கோயிலைச் சுற்றிப் பழைய வீடுகள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போய்விட, வயசான அம்மாமார் மட்டும் இருக்கிறார்கள். பரண் நிறைய சாமான். இறக்கிவைக்க ஆள் இல்லை. பஸ்ஸில் எல்லோரும் பால்கோவா பெட்டியோடு வருவார்கள். நான் ஓட்டை வாளியோடு வருவேன்! கண்டக்டர் அண்ணாச்சி முதலில் முறைத்தார். பிறகு அவரே, “யக்கா, எங்க வீட்டுல ஒரு மடக்குக் கட்டில் கெடக்கு” என்று சொன்னார்.

எதை எடுக்கலாம்?

இரும்புக் கட்டில், மடக்கு நாற்காலி: மண்ணெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தால் துரு போய்விடும். பிறகு துரு தடுக்கும் சிவப்புப் பெயிண்ட் ஒரு கை, மேலே வேண்டிய கலர் ஒரு கை. கட்டில் என்றால் முதலில் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். மூட்டைப்பூச்சியை வீட்டுக்குள் அழைத்து வராதீர்கள்.

மர பெஞ்சு, முக்காலி: விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது, வேண்டாம். கணீரென்றால் ஒரு வார்னிஷ் போதும்.

பித்தளைத் தவலை, அண்டா: புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி வரும். ஆனால் சமையலுக்கு என்று விற்பதானால் உள்ளே ஈயம் பூசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் புளிப்புப் பட்டுக் களிம்பு ஏறும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் தேய்ப்பார்கள். பூசுவது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்திருந்தால் அது உடம்புக்கு விஷம். முக்கியமாகக் குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால்தான் ஈயச்செம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் ஒழுகிப் போகிறது. வாங்குகிறவரிடம் இதையும் சொல்லித்தான் கொடுப்பேன்.

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்: 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு வந்தவை. பாதி மிக்ஸிகளில் கப்ளரோ கார்பன் பிரஷ்ஷோதான் தேய்ந்திருக்கும். தெருமுனை எலெக்ட்ரீஷியன் தம்பி சரிசெய்து, ஒயர், பிளக் எல்லாம் பார்த்துக் கொடுப்பார். அவர் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பேசக்கூடாது.

ஒரு நோட்டில் வாங்கிய விலை, செலவு, பஸ் சார்ஜ், விற்ற விலை எல்லாம் எழுதுகிறேன். மாசத்துக்கு மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை நிற்கும்.

நான் செய்த தப்பு

இப்போது சொல்லப் போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

தொழில் தொடங்கிய ஏழாவது மாசம் ஒரு பழைய குக்கரை 150 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளவென்று தேய்த்துப் புது கேஸ்கட் போட்டு, மில்லில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு 450 ரூபாய்க்கு விற்றேன். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வை மாற்றவில்லை. அதற்கு ஒரு எழுபது எண்பது ரூபாய் ஆகும் என்று மிச்சம் பிடித்தேன். வெயிட் போடும் குழாயை ஊதியும் பார்க்கவில்லை. பத்தாம் நாள் பருப்பு வேகும்போது குழாய் அடைத்துக்கொண்டது. பழைய வால்வு இறுகிப்போய்த் திறக்கவில்லை. மூடி தெறித்து, கொதிக்கிற பருப்பு அந்தப் பெண்ணின் வலது கையில் கொட்டிவிட்டது.

தகவல் வந்து நான் ஓடியபோது யாரோ அவள் கையில் இட்லி மாவை அப்பியிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டினார்: “மாவு, பேஸ்ட், மை எதுவும் வைக்காதீங்க. குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணியில காட்டணும். வளையல், மோதிரத்தை உடனே கழட்டணும். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. சுத்தமான துணியைத் தளர்வா மூடிக் கூட்டி வரணும்.” சகோதரிகளே, இதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாசம் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உன் தலையெழுத்தா, என் தலையெழுத்தா தெரியலக்கா” என்றாள். தலையெழுத்து இல்லை; என் எழுபது ரூபாய் ஆசை. அவளுக்கு வரவேண்டிய கூலியை நான் கொடுத்தேன். மூன்று மாச லாபம் போயிற்று. “குப்பை பொறுக்காதேன்னு அப்பவே சொன்னேன்” என்றார் மாமியார். தொழிலையே விட்டுவிடலாம் என்றிருந்தேன். என் வீட்டுக்காரர்தான், “சாமானை விடாதே, பேராசையை விடு” என்றார்.

எதைத் தொடக்கூடாது?

அன்றைக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியது இது:

பழைய குக்கர் விற்பதில்லை. காயலான் கடைக்கு எடைக்குத்தான்.

கேஸ் டியூப், ரெகுலேட்டர் தொடுவதில்லை. டியூபின் ஆயுளே ஐந்து வருஷம்தான்.

ஹெல்மெட் வேண்டாம். ஒருமுறை அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

பூச்சிமருந்து டப்பா, பெயிண்ட் வாளி எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கும் தானியத்துக்கும் ஆகாது.

பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டி, பால் புட்டி வேண்டாம்.

2006 முதல் கொடுத்த பழைய பெட்டி டி.வி.யைப் பிரிக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் பிக்சர் டியூப் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம்தான் சேர்க்கவேண்டும்.

தனியாக வரும் சின்னப் பையன்களிடம் எதுவும் வாங்குவதில்லை. திருட்டுச் சாமானாக இருந்தால்? அலமாரி, பெட்டி வாங்கினால் வீட்டுக்காரர் கண்முன்னே எல்லா அறையையும் திறந்து காட்டிவிட்டுத்தான் எடுப்பேன்.

என்ன பழுது இருந்தது, என்ன மாற்றினேன் என்பதைச் சொல்லித்தான் விற்பேன். சொன்னால் விலை குறையும். குறையட்டும்.

மகள் இப்போது பி.காம். மூன்றாம் வருஷம். ஃபீஸ் கட்டிய ரசீதுகளை அந்த நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். மாமியாரும் மாறிவிட்டார். “மேலத்தெருவுல ஒரு பெஞ்சு கெடக்காம், போய்ப் பாரு” என்கிறார்.

போன மாசம் அந்தப் பெண் வந்தாள். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றேன். “யக்கா, மக வயசுக்கு வந்துட்டா. படிக்க ஒரு மேஜை வேணும். உங்ககிட்டன்னா நம்பி வாங்கலாம்” என்றாள். இருந்ததில் நல்ல மேஜையாகப் பார்த்துக் கொடுத்தேன். வாங்கின விலைக்குத்தான். அதற்குமேல் ஒரு ரூபாய் அவளிடம் வாங்க எனக்குக் கை வரவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உங்களுக்குக் குப்பை, இன்னொரு வீட்டுக்கு அவசியம். அதைக் கொண்டு சேர்க்கிறபோது மட்டும், நம் பிள்ளைக்கு இதைக் கொடுப்போமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.