கரண்டு வந்ததும் மோட்டார் எடுக்கலாமா?

பல்லடம், அவிநாசி பக்கத்துத் தோட்டங்களில் மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும் யாரும் கிணற்றடிக்கு ஓடுவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால், கரண்டு வந்ததை அது உடனே நம்பிவிடாது. முதலில் உள்ளிருக்கும் டைமர் எண்ணத் தொடங்கும். எண்ணி முடிப்பதற்குள் கரண்டு போனால், அடுத்த முறை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். கரண்டு வந்து வந்து போகும் நாளில் மோட்டாரின் காயில் கருகாமல் தப்புவது இதனால்தான்.

சரவணம்பட்டி ஐடி நிறுவனங்களில் எழுதப்படும் நிரல்களிலும் இதே வேலை நடக்கிறது. ரியாக்டிவ் புரோகிராமிங்கில் அதற்கு 'டிபவுன்ஸ்' என்று பெயர். விசைத் தட்டல், சென்சார் அளவு என எல்லாவற்றையும் ஓயாமல் வரும் மதிப்புகளின் ஓட்டமாகப் பார்ப்பது ரியாக்டிவ் புரோகிராமிங். மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யர் குழு உருவாக்கி, 2009இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் நூலகம் இம்முறையைப் பரவலாக்கியது. டிபவுன்ஸ் இருந்தால், தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரைத் தட்டும்போது எழுத்துக்கு ஒருமுறை சர்வரைத் தொந்தரவு செய்யாமல், கடைசித் தட்டலுக்குப் பின் 300 மில்லிவினாடி அமைதி நிலவினால் மட்டுமே கேள்வியை அனுப்பலாம்.

காத்திருந்தால் மட்டும் போதாது. இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக இயக்கினால், அது கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் உள்ள அத்தனை ஸ்டார்ட்டர்களிலும் ஒரே நேரம் வைத்திருந்தால், எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பும். மின்னழுத்தம் படுத்துவிடும், ஃபியூஸும் போகலாம். அக்கம்பக்கத்தார் பேசிவைத்து ஆளுக்கொரு நேரம் வைப்பதே நல்லது. சர்வர் விழுந்து எழும்போதும் இதே சிக்கல்தான்: லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே கணத்தில் வந்து மோதும். அதனால் ஒவ்வொன்றின் 'டிலே'யும், அதாவது காத்திருக்கும் நேரமும், வேறுபடும்படி நிரலாளர்கள் குலுக்கல் முறையில் நேரம் ஒதுக்குகிறார்கள்.

டிபவுன்ஸை எல்லா இடத்திலும் போட்டுவிடக் கூடாது. அமைதி வந்தால்தான் அது வாய்திறக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அளக்கும் சென்சார் நொடிக்கொரு அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு நொடி டிபவுன்ஸ் வைத்தால் ஓர் அளவுகூட வெளியே வராது. அங்கே தேவை 'சாம்பிள்': பத்து நொடிக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் கையிலிருக்கும் கடைசி அளவை எடுத்து அது அனுப்பிவிடும்.